16 இன்ச்சா, 18 இன்ச்சா? காரின் சொகுசைத் தீர்மானிக்கும் அளவு எது

ஒரே கார், ஒரே இன்ஜின், ஒரே சஸ்பென்ஷன். அடிப்படை வேரியன்ட்டில் 16 இன்ச் வீல், உயர் வேரியன்ட்டில் 18 இன்ச் வீல். கூடுதல் பணம் கொடுத்து உயர் வேரியன்ட்டை வாங்கியவர், குண்டும் குழியுமான சாலையில் அடிப்படை வேரியன்ட்தான் மெத்தென்று போகிறது என்கிறார். இன்னொருவரோ, "பெரிய வீல் பள்ளத்தில் சுலபமாக ஏறி இறங்குமே, அப்புறம் எப்படி?" என்று கேட்கிறார். இருவர் சொல்வதும் சரிதான். ஆனால் இருவரும் பேசுவது வெவ்வேறு அளவுகளைப் பற்றி.

'வீல் சைஸ்' என்ற ஒரே பெயரில் மூன்று அளவுகள் கலந்து கிடக்கின்றன: ரிம்மின், அதாவது டயர் பொருந்தும் உலோக வளையத்தின் விட்டம், டயரோடு சேர்ந்த மொத்த விட்டம், ரிம்முக்கும் சாலைக்கும் நடுவே நிற்கும் பக்கச்சுவரின் உயரம். கார் விளம்பரங்கள் பெரிய எழுத்தில் போடுவது முதல் அளவை. உட்கார்ந்து போகிறவரின் முதுகுக்குத் தெரிவது மூன்றாவது அளவு.

டயரில் எழுதியிருப்பது என்ன

டயரின் பக்கவாட்டைப் பார்த்தால் 205/55 ஆர்16 91வி என்பதுபோல ஒரு வரி இருக்கும். அதை இப்படிப் படிக்க வேண்டும்:

1. 205 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில்.
2. 55 என்பது பக்கச்சுவரின் உயரம், அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது. 205இல் 55 சதவீதம் என்றால் ஏறத்தாழ 113 மி.மீ. இது விகிதம் என்பதால், அகலம் மாறினால் அதே 55 வேறு உயரத்தைக் கொடுக்கும்.
3. ஆர் என்றால் ரேடியல். இன்றைய கார் டயர்கள் எல்லாமே அநேகமாக இந்த வகைதான்.
4. 16 என்பது ரிம்மின் விட்டம், இன்ச்சில். மில்லிமீட்டரில் 406.
5. 91 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 615 கிலோ வரை தாங்கும் என்று பொருள். வி என்ற எழுத்து, மணிக்கு 240 கி.மீ. வரை தாங்கும் என்பதைக் குறிக்கிறது.

மொத்த விட்டம் வேண்டுமென்றால் ரிம்மின் விட்டத்தோடு பக்கச்சுவரின் உயரத்தை இரண்டு முறை கூட்ட வேண்டும், மேலே ஒன்று, கீழே ஒன்று. இந்த டயருக்கு அது 632 மி.மீ.

ரிம் வளரும்போது எது குறைகிறது

நடுத்தர அளவுக் கார்களில் பரவலாகப் பார்க்கக்கூடிய நான்கு அளவுகளை வரிசையாக வைத்துப் பார்க்கலாம்:

1. 195/65 ஆர்15: பக்கச்சுவர் 127 மி.மீ., மொத்த விட்டம் 635 மி.மீ.
2. 205/55 ஆர்16: பக்கச்சுவர் 113 மி.மீ., மொத்த விட்டம் 632 மி.மீ.
3. 225/45 ஆர்17: பக்கச்சுவர் 101 மி.மீ., மொத்த விட்டம் 634 மி.மீ.
4. 225/40 ஆர்18: பக்கச்சுவர் 90 மி.மீ., மொத்த விட்டம் 637 மி.மீ.

மொத்த விட்டம் நான்கிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அப்படித்தான் இருந்தாக வேண்டும். வீல் ஆர்ச்சுக்குள் இருக்கும் இடம், ஸ்பீடோமீட்டரின் கணக்கு, கியர் விகிதம் எல்லாம் அந்த விட்டத்தை நம்பியே இருக்கின்றன. ஆகவே ரிம் 3 இன்ச், அதாவது 76 மி.மீ. பெரிதானபோது, அந்த இடம் கிட்டத்தட்ட முழுக்கப் பக்கச்சுவரிலிருந்துதான் எடுக்கப்பட்டிருக்கிறது. மேலே 37, கீழே 37.

உண்மையான இழப்பு இதைவிடவும் அதிகம். ரிம்மின் விளிம்பு ஏறத்தாழ 17 மி.மீ. உயரத்துக்குப் பக்கச்சுவரை ஒட்டி மேலேறி நிற்கும். அந்தப் பகுதியில் டயர் மடங்கவே முடியாது. அதைக் கழித்துவிட்டால் 15 இன்ச் ரிம்மில் மடங்க 110 மி.மீ. கிடைக்கிறது, 18 இன்ச் ரிம்மில் 73 மி.மீ. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது.

சரி, "பெரிய வீல் பள்ளத்தைச் சுலபமாகத் தாண்டும்" என்பது? அது மொத்த விட்டத்தைப் பற்றிய உண்மை. 30 செ.மீ. நீளமுள்ள பள்ளத்தின் மேல் 634 மி.மீ. விட்டமுள்ள வீல் உருண்டால், டயரின் நெகிழ்வைக் கணக்கில் எடுக்காமல் வெறும் வடிவக் கணக்குப்படி, அது 38 மி.மீ. உள்ளே இறங்கும். எஸ்யூவிகளில் வரும் 235/65 ஆர்17 டயரின் மொத்த விட்டம் 737 மி.மீ. அது அதே பள்ளத்தில் 32 மி.மீ.தான் இறங்கும். மேட்டின் விளிம்பில் மோதும் கோணமும் பெரிய வட்டத்துக்குச் சற்றுச் சாய்வாக அமைவதால் இடி மென்மையாகிறது.

இந்த எஸ்யூவி டயரின் ரிம்மும் 17 இன்ச்தான் என்பதைக் கவனிக்க வேண்டும். மேலே மூன்றாவதாகப் பார்த்த 225/45 ஆர்17 டயரின் ரிம்மும் அதே 17 இன்ச். ஒன்றின் பக்கச்சுவர் 153 மி.மீ., இன்னொன்றினுடையது 101 மி.மீ. "17 இன்ச் வீல் சொகுசா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லவே முடியாது என்பதற்கு இந்த ஒரு ஜோடி போதும்.

9 மில்லி விநாடியில் நடப்பது

சஸ்பென்ஷன் என்று தனியாக ஒன்று இருக்கும்போது டயரின் உயரத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? நியாயமான கேள்வி. சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கோடு ஒப்பிட்டால் டயர் எட்டு, பத்து மடங்கு இறுக்கமானது. அமுங்கும் வேலையில் பெரும்பங்கு ஸ்பிரிங்குக்குத்தானே?

மெதுவான அசைவுகளில் ஆமாம். வேகமான அசைவுகளில் கதை மாறுகிறது. ஒரே ஒரு நிகழ்வை அருகில் வைத்துப் பார்ப்போம். கார் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஒரு மேம்பாலத்தின் இணைப்புப் பட்டை மேல் ஏறுகிறது. பட்டை சாலைமட்டத்தைவிட ஒரு சென்டிமீட்டர் உயரமாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேகத்தில் கார் விநாடிக்கு 16.7 மீட்டர் நகர்கிறது. டயர் சாலையைத் தொடும் பரப்பின் நீளம் சுமார் 15 செ.மீ. அப்படியானால் அந்தப் பட்டை டயருக்கு அடியில் இருக்கும் நேரம் 9 மில்லி விநாடி.

வீலும், அது பொருத்தப்படும் ஹப்பும், பிரேக்கும் சேர்ந்த எடை ஒரு மூலைக்கு 40 கிலோவை ஒட்டி இருக்கும். அது ஒருமுறை மேலே போய்க் கீழே வர ஏறத்தாழ 80 மில்லி விநாடி ஆகும். காரின் உடல் ஒருமுறை ஏறி இறங்க முக்கால் விநாடிக்கு மேல் ஆகும். இந்த 9 மில்லி விநாடியில் ஷாக் அப்சார்பர் அசையத் தொடங்குவதற்குள் பட்டை பின்னால் போய்விடுகிறது. ஆகவே அந்த ஒரு சென்டிமீட்டரை ஏற்கும் வேலை முழுக்க டயருடையது. உயரமான, நெகிழும் பக்கச்சுவர் இருந்தால் டயரின் அடிப்பகுதி பட்டையைச் சுற்றி வளைந்து, அதைக் கிட்டத்தட்ட விழுங்கிவிடும். குட்டையான டயரில் வளைய இடம் குறைவு. மிச்சம் ஹப் வழியாக, ரப்பர் புஷ்கள் வழியாக, காரின் தரைக்கு வந்து சேர்கிறது. அதைத்தான் 'டக்' என்ற சத்தமாகக் கேட்கிறோம், காலடியில் உணர்கிறோம்.

எல்லாக் குலுக்கலும் ஒன்றல்ல

அதனால்தான் ஒரே காரைப் பற்றி ஒருவர் "நெடுஞ்சாலையில் அருமை" என்றும், இன்னொருவர் "ஊருக்குள் போனால் உதறுகிறது" என்றும் சொல்ல முடிகிறது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் சாலையின் அலைகள் இப்படி வந்து சேரும்:

1. 10 மீட்டர் இடைவெளியில் வரும் நீளமான ஏற்ற இறக்கம் விநாடிக்கு 1.7 முறை. இது காரின் உடல் இயல்பாக ஆடும் வேகத்துக்கு அருகில். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும்தான் இதைத் தீர்மானிக்கின்றன. 15 இன்ச் போட்டாலும் 18 இன்ச் போட்டாலும் வித்தியாசம் தெரியாது.
2. 3 மீட்டர் இடைவெளி என்றால் விநாடிக்கு 5.6 முறை. மனித உடல் மேலும் கீழுமான அதிர்வை மிகக் கூர்மையாக உணர்வது 4 முதல் 8 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 4 முதல் 8 முறை என்ற வட்டாரத்தில். உடல் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலையும் இந்தப் பகுதிக்கு மிகுந்த முக்கியத்துவம் கொடுக்கிறது.
3. ஒன்றேகால், ஒன்றரை மீட்டர் இடைவெளியில் ஒட்டுப்போட்ட சாலை என்றால் விநாடிக்கு 11 முதல் 13 முறை. வீல் தானாகவே துள்ளும் அலைவரிசை இது. வீலின் எடையும் டயரின் இறுக்கமும் இங்கே நேரடியாகப் பேசும்.
4. அதைவிடச் சிறிய மேடுகள், பெயர்ந்த ஜல்லி, தாரின் சொரசொரப்பு எல்லாம் டயரின் பொறுப்பு மட்டுமே.

குட்டை டயர் பாதிப்பது மூன்றாவதையும் நான்காவதையும். இரண்டாவதில் கொஞ்சம். முதலாவதில் இல்லை. சாலை நன்றாக இருக்கும் இடத்தில் வாழ்பவருக்கு 18 இன்ச் வீல் ஒரு பிரச்சினையே அல்ல என்பதும் இதிலிருந்து தெரியும்.

எடை

சஸ்பென்ஷனுக்குக் கீழே தொங்கும் எடையை ஸ்பிரிங் தாங்குவதில்லை. டயர்தான் தாங்குகிறது. ரிம் பெரிதானால் உலோகம் கூடுகிறது. ரப்பர் குறைவதால் வரும் லாபம் பெரும்பாலும் அதை ஈடுகட்டாது. எடை கூடிய வீல் ஒரு மேட்டில் மேலே எறியப்பட்டால், அதை நிறுத்தித் திருப்பிக் கீழே கொண்டுவர ஷாக் அப்சார்பர் அதிகம் உழைக்க வேண்டும். அந்த விசை காரின் உடலுக்கும் போகும்.

'அலாய்' என்ற பெயரைப் பார்த்ததும் எடை குறைவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அச்சில் ஊற்றிய கனமான 17 இன்ச் அலாய், சிறிய இரும்பு ரிம்மைவிட எடை கூடுதலாக இருக்கலாம். அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு ரிம்கள் இலேசானவை, ஆனால் சாதாரணக் கார்களில் அவை வருவது அபூர்வம். ரிம் வாங்கும்போது ஒரு தராசில் வைத்து எடை பார்ப்பது மிக எளிய காரியம். பலரும் டிசைனைப் பார்ப்பதோடு நின்றுவிடுவது வருத்தமானது.

அகலம்

அகலமான டயர் சாலையை அதிகப் பரப்பில் தொடுகிறது என்ற நம்பிக்கை பாதிதான் உண்மை. ஒரே எடை, ஒரே காற்றழுத்தம் என்றால் தொடும் பரப்பு பெரிதாக மாறாது, அதன் வடிவம்தான் மாறும். நீளம் குறைந்து அகலம் கூடும். குறுக்கே கிடக்கும் மேட்டை இன்னும் திடீரென்று சந்திக்கும். சத்தமும் கூடும். சாலையில் பதிந்த சக்கரத் தடங்களில் ஸ்டியரிங்கை இழுக்கும் பழக்கமும் அகலமான டயருக்கு அதிகம்.

காற்றழுத்தம்: அளவைவிடப் பெரிய விஷயம்

காரின் எடையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. டயர் எவ்வளவு இறுக்கமாக இருக்கும் என்பதை அந்தக் காற்றின் அழுத்தம்தான் பெரிதும் முடிவு செய்கிறது. 33 பி.எஸ்.ஐ. (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) வைக்க வேண்டிய காரில் 40 வைத்துவிட்டு, "இந்தக் கார் உதறுகிறது" என்று சொல்வது காருக்குச் செய்யும் அநியாயம். எத்தனை பி.எஸ்.ஐ. என்பது ஓட்டுநர் பக்கக் கதவின் தூணிலோ, எரிபொருள் மூடியின் உட்புறத்திலோ ஒட்டப்பட்டிருக்கும். டயரின் மேல் அச்சிட்டிருக்கும் அதிகபட்ச அழுத்தம் அதுவல்ல. அது டயரின் எல்லை, காருக்கான பரிந்துரை அல்ல. அளப்பதும் ஓடிச் சூடாகாத டயரில்தான் அளக்க வேண்டும். ஓடிய டயரில் அளவு சில பி.எஸ்.ஐ. கூடவே காட்டும்.

ரிம் பெரிதாவதற்கும் காற்றழுத்தத்துக்கும் ஒரு மறைமுகத் தொடர்பு உண்டு. குட்டையான டயருக்குள் காற்றின் கொள்ளளவு குறைவு. அதே எடையைத் தாங்க வேண்டுமானால் அழுத்தம் கூடியாக வேண்டும். 225/40 ஆர்18 டயர்கள் பெரும்பாலும் எக்ஸ்எல் (எக்ஸ்ட்ரா லோட், கூடுதல் சுமை) என்ற குறியோடு வருவது இதனால்தான். சாதாரண டயர் தன் முழுச் சுமையை 36 பி.எஸ்.ஐ.யில் தாங்கும் என்றால், எக்ஸ்எல் டயர் தன் முழுச் சுமையைத் தாங்குவது 42இல். ஆக, குட்டை டயர் போட்டவருக்கு இரண்டு பக்கமும் அடி: மடங்க இடமும் குறைவு, அழுத்தமும் அதிகம்.

அதற்காகச் சொகுசு வேண்டும் என்று பரிந்துரைத்த அளவுக்கும் கீழே காற்றைக் குறைத்து ஓட்டுவது ஆபத்து. பக்கச்சுவர் அளவுக்கு மீறி மடங்கி மடங்கிச் சூடேறும். வேகத்தில் டயர் வெடிப்பதற்கு இது முக்கியமான காரணம். குட்டை டயரில் இன்னொன்றும் சேரும்: பள்ளத்தின் விளிம்புக்கும் ரிம்முக்கும் நடுவே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளே இருக்கும் இழைகள் அறுந்துபோகும். மறுநாள் பார்த்தால் டயரின் பக்கவாட்டில் ஒரு முட்டை அளவுக்குப் புடைத்திருக்கும். அந்த டயரைச் சரிசெய்ய முடியாது, மாற்றித்தான் ஆக வேண்டும்.

உயரமாக இருந்தும் இறுக்கமான டயர்கள்

பக்கச்சுவரின் உயரம் முக்கியம், ஆனால் அது மட்டுமே எல்லாம் அல்ல.

1. ரன்ஃபிளாட் டயர்கள். காற்று முழுக்கப் போனாலும் மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சுமார் 80 கி.மீ. தூரம் ஓடுவதற்காகப் பக்கச்சுவர் கெட்டியாக்கப்பட்டிருக்கும். காற்றில்லாமலே காரைத் தாங்கும் சுவர், காற்று இருக்கும்போது மென்மையாக இருக்காது.
2. கரடுமுரடான பாதைகளுக்கும் பாரவண்டிகளுக்கும் உரிய டயர்கள். உயரம் தாராளமாக இருக்கும், அடுக்குகளும் அதிகம் இருக்கும். தார்ச்சாலையில் குலுக்கும்.
3. வயதான டயர்கள். ரப்பர் வருடங்கள் போகப்போக இறுகும். டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் தயாரானது. டயரின் மேல்பரப்பில் உள்ள வரிப்பள்ளங்கள் தேயாமல் பார்வைக்குப் புதிதாக இருந்தாலும் அந்த எண்ணைப் பார்க்க வேண்டும். திடீரென்று கார் கடினமாகிவிட்டது என்று சஸ்பென்ஷனைக் கழற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது இதுதான்.

அப்படியானால் ஏன் பெரிய ரிம்

தோற்றம் ஒரு பெரிய காரணம். காரின் உடல் உயரமாகிக்கொண்டே போகும்போது சிறிய ரிம் ஒல்லியாகத் தெரியும். ஆனால் தோற்றம் மட்டும்தான் என்று சொல்வது நேர்மையல்ல. வேகமான, கனமான கார்களுக்குப் பெரிய பிரேக் டிஸ்க் வேண்டும். அந்த டிஸ்க்கும் அதை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பரும் ரிம்முக்குள் அடங்க வேண்டும். குட்டையான பக்கச்சுவர் வளைவுகளில் குறைவாகச் சாய்வதால் ஸ்டியரிங்கைத் திருப்பியதும் கார் உடனே திரும்பும். உயரமான, மென்மையான டயரில் அந்தத் துல்லியம் சற்றுக் குறையும். மின்சாரக் கார்களில் பேட்டரியின் எடையும் சேர்வதால் அதிகச் சுமை தாங்கும் டயரும் அதிகக் காற்றழுத்தமும் தவிர்க்க முடியாதவை.

கார் தயாரிப்பாளர் ஒரு ரிம்முக்கு ஏற்ப ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் சரிசெய்திருந்தால், 18 இன்ச்சிலும் நல்ல சொகுசு கிடைக்கும். ஒரே சஸ்பென்ஷனை எல்லா வேரியன்ட்டுக்கும் வைத்துவிட்டு ரிம்மை மட்டும் மாற்றும்போதுதான் முதல் பத்தியில் சொன்ன குறை வருகிறது.

அளவை மாற்ற நினைப்பவர்கள் பார்க்க வேண்டியவை

சொகுசுக்காக ரிம்மை ஓர் இன்ச் குறைத்து, உயரமான டயர் போடுவது நல்ல வழி. என் கணிப்பில், மோசமான சாலையில் தினமும் ஓட்டுபவருக்கு இதைவிட எளிய மாற்றம் வேறில்லை. ஆனால் கீழ்க்கண்டவை பொருந்த வேண்டும்:

1. அதே கார் மாடலின் கீழ் வேரியன்ட்டில் அந்த அளவு தொழிற்சாலையிலேயே பொருத்தப்படுகிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பாதி வேலை முடிந்தது. உயர் வேரியன்ட்டில் பிரேக் பெரிதாக இருந்தால் சிறிய ரிம் காலிப்பரில் இடிக்கும், அதை மட்டும் தனியாகச் சரிபார்க்க வேண்டும்.
2. மொத்த விட்டம் மாறக் கூடாது. 195/65 ஆர்15க்குப் பதிலாக 215/65 ஆர்15 போட்டால் விட்டம் 4 சதவீதம் கூடும். ஸ்பீடோமீட்டர் 100 காட்டும்போது கார் கூடுதலாக 4 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். ஸ்டியரிங்கை முழுக்கத் திருப்பும்போது டயர் ஆர்ச்சில் உரசவும் கூடும்.
3. சுமைக் குறியீடும் வேகக் குறியீடும் பழைய டயருக்குக் கீழே போகக் கூடாது. இதில் சமரசமே கூடாது.
4. ரிம்மின் போல்ட் வட்டம், நடுத் துளை, ஆஃப்செட் (ரிம்மின் நடுக்கோட்டுக்கும் அது ஹப்பில் பொருந்தும் பரப்புக்கும் உள்ள தூரம்) மூன்றும் பொருந்த வேண்டும். ஆஃப்செட் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நிற்கும். ஒவ்வொரு பள்ளமும் ஸ்டியரிங்கில் உதைக்கும், பேரிங்கும் சீக்கிரம் தேயும்.
5. டயரின் அகலம் ரிம்மின் அகலத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 205/55 ஆர்16க்கு 5.5 முதல் 7.5 இன்ச் அகல ரிம் பொருந்தும். அதற்கு மேல் அகலமான ரிம்மில் போட்டால் பக்கச்சுவர் இழுபட்டு, உயரம் இருந்தும் நெகிழ்வு போய்விடும்.

புதிய கார் வாங்குபவருக்கு வேலை இன்னும் சுலபம். ஷோரூம்களில் ஓட்டிப் பார்க்கக் கொடுப்பது பெரும்பாலும் உயர் வேரியன்ட்டைத்தான். கீழ் வேரியன்ட்டை வாங்க நினைப்பவர் அதை ஓட்டிவிட்டு "கடினமாக இருக்கிறது" என்று காரையே ஒதுக்கிவிட வாய்ப்புண்டு. வாங்கப்போகும் வேரியன்ட்டையே கேட்டு வாங்கி, காற்றழுத்தத்தைச் சரிபார்த்துவிட்டு, நல்ல சாலையில் அல்லாமல் தினமும் போகும் சாலையில், மணிக்கு 30, 40 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். டயரின் குணம் தெளிவாகத் தெரிவது அந்த வேகத்தில்தான்.